பழைய ஸ்போர்ட்ஸ் காரும் துருப்பிடித்த வாசற்படியும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியது. கொஞ்சம் சுருக்கி எழுதியிருக்கிறேன்.)



"லண்டன் அனுபவத்தைப் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். லண்டனில் நான் இருந்தது மொத்தமே இரண்டு நாள். அதைப் பற்றி உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மகளும் மாப்பிள்ளையும் இருப்பது பர்மிங்காம் பக்கம். ஆறு மாத விசாவில் போனேன். அதில் மூன்று மாதத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரின் கேரேஜில்தான் கழிந்தது. ஆகவே எனக்குப் பேசத் தெரிந்த அனுபவம் அந்த கேரேஜ்தான். கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். இல்லாதவர்களும் கேளுங்கள், நடுவில் நம் கட்டடமும் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என்னைவிட நாலு வயது மூத்தவர். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். எனக்கு வாய் வரவில்லை, கடைசிவரை "சார்" என்றுதான் கூப்பிட்டேன். ஒரு மாதத்தில் அவரும் என்னை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவரிடம் ஒரு சிவப்பு நிறத் திறந்த கார். எம்.ஜி.பி., 1972-ஆம் வருட மாடல்.

எம்.ஜி. என்றதும் நம் வயதுக்காரர்கள் மனசு அடுத்த எழுத்தைத் தேடும். இது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் மாரிஸ் கார்களை விற்றுக்கொண்டிருந்த நிறுவனம், பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்து ஸ்போர்ட்ஸ் கார் செய்தது. நம் கீழ்த்தளத்தில் நிற்கிற ஹெக்டரில் இருக்கிறதே, அதே எட்டுக்கோண முத்திரைதான். இப்போது அது சீனக் கம்பெனியிடம் இருக்கிறது, 2019 முதல் இந்தியாவிலும் விற்கிறார்கள். பழைய எம்.ஜி.பி. 1962-இல் வந்தது, 1980-இல் அபிங்டன் தொழிற்சாலையோடு நின்றது. அதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்த ஊரில் சாதாரணப் பென்ஷன்காரர் ஒருவர் அதை வைத்திருக்க முடிகிறது. பெரிய பணக்காரர் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள்.

இவர் வாங்கும்போது கார் பளபளவென்று இருந்ததாம். முன்பு வைத்திருந்தவர், எல்லாம் புதிதாகச் செய்தது என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். ஒருநாள் டயர் மாற்றுவதற்காக, அதற்கென்று உள்ள இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார். வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் வண்டிக்குள் போனது. பெயிண்ட் வெடித்து, உள்ளேயிருந்து பட்டி கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. கதவு சிக்கிக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் அந்த நிலையில் நின்றிருந்தது.

ஜாக்கி உள்ளே போன இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து காலை உள்ளே வைக்கும்போது தாண்டுகிறோமே, கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதி, அதற்கு ஆங்கிலத்தில் வாசற்படி என்றுதான் பெயர். நானும் வாசற்படி என்றே சொல்கிறேன்.

நம் ஊரில் ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பலர் பார்த்திருப்பீர்கள், சென்னையிலேயே தயாரான வண்டி. அதற்குக் கீழே தனியாகச் சேஸிஸ் உண்டு. உடம்பை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். எம்.ஜி.பி.க்கு அப்படித் தனிச் சேஸிஸ் கிடையாது. வளைத்து ஒட்டிய தகடுகளே உடம்பு, அதுவே எலும்பு. இப்போதைய கார்களும் அப்படித்தான், ஆனால் அவற்றுக்குக் கூரை இருக்கிறது. செருப்பு வாங்கி வருகிற அட்டைப்பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், லேசில் முறுங்காது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் கையோடு வரும். திறந்த காருக்கு மூடி இல்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது தரையும், நடுவில் கியர் பெட்டிக்கு மேலே எழும்பி ஓடுகிற மேடும், இரண்டு பக்க வாசற்படிகளும்தான். அதனால் எம்.ஜி.பி.யின் வாசற்படியை ஒரு தகட்டில் செய்யவில்லை. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி இன்னொரு தகடு, அடியில் தரையோடு சேர்க்கிற ஒரு நீளப் பட்டை. அந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கோட்டை மதில் மாதிரி ஏறி இறங்கும், அதனால் அங்கே அதற்குக் கோட்டைப் பட்டை என்றே பெயர். எல்லாம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கனம்தான். சேர்ந்து நிற்பதால் பலம்.

இவ்வளவு பலமாகச் செய்த இடம் ஏன் முதலில் துருப்பிடிக்கிறது? அந்த ஊரில் குளிர்காலத்தில் சாலை உறையாமல் இருக்க ராத்திரியில் லாரி லாரியாக உப்பு தூவுகிறார்கள். செஷயர் மாவட்டத்தில் வின்ஸ்ஃபோர்ட் என்ற இடத்தில் 1844-இல் ஆரம்பித்த உப்புச் சுரங்கம் இன்றைக்கும் இதற்காகவே வெட்டிக்கொண்டிருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், வேலை வேகமாக நடக்கும். முன்சக்கரம் இந்த உப்புத் தண்ணீரையும் சேற்றையும் மட்கார்டுக்குள் வாரி அடிக்கிறது. அதைத் தடுக்க உள்ளே ஒரு தடுப்புத் தகடும் ஓரத்தில் ரப்பரும் வைத்திருக்கிறார்கள். பத்து வருடத்தில் ரப்பர் செத்துப்போகும். பிறகு சேறு உள்ளே போய் வாசற்படியின் முன்முனையில் உட்காரும். வெயில் படாது, காற்று படாது. மாதக்கணக்கில் ஈரப் பஞ்சு மாதிரி இருக்கும்.

ஆக, துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. வெளியே பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால், அது ஆரம்பம் என்று நாம் நினைக்கிறோம். அந்த இடத்தில் உள்தகடு முடிந்து, வெளித்தகடும் காகிதம் மாதிரி ஆன பிறகுதான் கொப்புளம் வருகிறது. அதைத் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பவர்களை நான் இங்கேயும் பார்த்திருக்கிறேன், அங்கேயும் பார்த்தேன்.

இன்னொன்று, இரும்பு துருவானால் அதிக இடம் கேட்கும். பல மடங்கு பருக்கும். இரண்டு தகடு ஒட்டிய இடத்தில் நடுவே துரு புகுந்தால் அது ஆப்பு மாதிரி இரண்டையும் பிரித்துவிடும். நம் கட்டடத்தில் சன்ஷேடு அடியில் சிமென்ட் பாளம் பாளமாக விழுகிறதே, எந்த பிளாக் என்று சொல்லவில்லை, அங்கே நடப்பதும் இதுவேதான். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது, வெளியே சிமென்டை உதைத்துத் தள்ளுகிறது. விழுந்த இடத்தில் மறுபடி சிமென்ட் பூசிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மறுபடி விழும். கம்பி முழுதாகத் தெரிகிறவரை கொத்த வேண்டும், துருவைச் சுரண்ட வேண்டும், கம்பி இளைத்திருந்தால் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும். கொட்டேஷன் வாங்கும்போது கமிட்டி இதைக் கேட்கும் என்று நம்புகிறேன்.

சரி, காருக்கு வருகிறேன்.

ஆசிரியர் வெளித்தகட்டைக் கிரைண்டரால் அறுத்துத் திறந்தார். வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். இளைஞர்களுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் வருவதற்கு முன் சாயந்திரம் கணக்கு டாலி ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. ராத்திரி ஒன்பது மணிக்கும் வித்தியாசம் கிடைக்காவிட்டால் அதைத் தூக்கி சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கணக்கு டாலி ஆன மாதிரி தெரியும். வித்தியாசம் அப்படியே உயிரோடு உட்கார்ந்திருக்கும். இந்தக் காரின் வாசற்படி முழுக்க அந்த மாதிரி இருந்தது. மேலே பெயிண்ட். அதற்கடியில் அரை அங்குலத்துக்குப் பட்டி. அதற்கடியில் ரிவிட் அடித்து ஒட்டிய ஒரு புதுத் தகடு. அதற்கடியில் பழைய வாசற்படி, சல்லடை மாதிரி. அதற்குள்ளே கட்டடக்காரர்கள் ஜன்னல் ஓரத்தில் பீய்ச்சுவார்களே, அந்த நுரை. நடுத்தகடு என்று ஒன்று இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தூள். கோட்டைப் பட்டையில் பாதி இல்லை.

பட்டியைக் குற்றம் சொல்லவில்லை. நம் டிங்கரிங் கடைகளில் பட்டி பார்ப்பது தேவையான வேலைதான். முழுத் தகட்டின் மேல், மேடு பள்ளம் சரி செய்ய, மெல்லிசாக இழுக்க வேண்டிய சாமான் அது. ஓட்டையை அடைக்க அல்ல. வெறும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி மேல் நகர்த்திப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் விழுந்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒன்று போட்டுக்கொண்டு போகலாம். சில கம்பெனி வண்டிகளில் அலுமினியத் தகடும் பிளாஸ்டிக் பாகமும் உண்டு, அங்கே காந்தம் ஒட்டாததற்குப் பட்டி காரணமில்லை.

இந்த இடத்தில்தான் அவருக்கு ஒரு சோதனை வந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். அங்கே பழக்கமான ஒருவர் இந்தக் காரை நல்ல விலைக்குக் கேட்டார், மகனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அவருக்கு உள்விவரம் தெரியாது. மறுபடி ஒரு தகட்டை வைத்து மூடி, பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தால் இரண்டு வாரத்தில் பணம் கைக்கு வந்திருக்கும். எந்தச் சோதனையும் தடுத்திருக்காது. அங்கே கார்களுக்கு வருடா வருடம் தகுதிச் சோதனை உண்டு. ஆனால் 40 வருடத்தைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லை. ஓட்டத் தகுதியாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு சொந்தக்காரருடையது. அதாவது யாரும் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை.

ஆசிரியர் அந்த மனிதரை வீட்டுக்குக் கூப்பிட்டார். அறுத்த வாசற்படியைக் காட்டினார். ஒரு இருபது வயதுப் பையன் இந்த வண்டியில் பக்கவாட்டில் அடி வாங்கினால் இதுதான் நடுவில் நிற்கும் என்று தூளைக் கையில் அள்ளிக் காட்டினார். வந்தவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி ஆசிரியரின் மனைவிக்கு அவர் மேல் கோபம்தான். அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளையே தேடிப் பிடித்து, 1988 முதல் எம்.ஜி.பி.க்கு முழு உடம்பையே புதிதாக அடித்து விற்கிறது. பழைய வண்டியிலிருந்து எஞ்சின், சக்கரம், இருக்கை எல்லாவற்றையும் கழற்றி அதில் மாட்டலாம். அவர் வேண்டாம் என்றார். விலை ஒரு காரணம். அபிங்டனிலிருந்து 1972-இல் வெளியே வந்த தகடு முடிந்தவரை இருக்கட்டும் என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால், வாசற்படியோடு தரையும் பின்பக்கமும் போயிருந்தால் நான் புது உடம்பைத்தான் வாங்குவேன். இந்தக் காரில் தரை பெரும்பாலும் நன்றாக இருந்தது, அதனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முதல் மூன்று நாள் வெல்டிங்கே கிடையாது. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தார். பேட்டரியைக் கழற்றினார். இந்த மாடலில் இருக்கைக்குப் பின்னால் தரைக்கடியில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், ஆசிட் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டிகளும் அரித்திருந்தன. இருக்கை, கார்ப்பெட் எல்லாம் போனது. முன் மட்கார்டு போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றிவிட்டார். கதவுகளை மட்டும் கழற்றவில்லை. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. கதவுதான் அளவுகோல் என்றார்.

காரைச் சமதளத்தில், முன்னும் பின்னும் சக்கரங்கள் தாங்குகிற இடங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டு வைத்து நிறுத்தினார். சக்கரத்தில் நிற்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே உடம்பு இருக்க வேண்டும். பிறகு கதவு திறக்கும் இடைவெளியில், கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு இருக்கும் தூண் வரை உள்பக்கமாக ஒரு சதுரக் குழாயை வைத்து வெல்டிங் செய்தார். வாசற்படியை அறுத்துவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புது வாசற்படியை வெல்டிங் செய்துவிட்டால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். அப்புறம் கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. கீலை என்ன திருகினாலும் வராது.

இங்கேதான் எனக்கு வேலை வந்தது. ஐந்து மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டைக் கையில் கொடுத்தார். கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள சந்தில் அது தட்டாமல், ஆடாமல் ஓட வேண்டும். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, தேதி, நேரம், இடது, வலது, கதவின் முன்சந்து, பின்சந்து, மேல், நடு, கீழ் என்று கட்டம் கட்டினேன். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதினேன். அவருக்கு முதலில் சிரிப்பு. எத்தனையோ வருடம் லெட்ஜர் எழுதிய கை, சும்மா இருக்குமா?

ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகுதான் மறுபக்கத்தில் கை வைப்பது என்று முடிவு. இடது பக்கம் அறுத்தார். வெளித்தகடு முன் மட்கார்டுக்கு அடியிலும், பின் மட்கார்டுக்கு உள்ளேயும் நீண்டு போகிறது. பின் மட்கார்டு வெல்டிங் செய்தது, கழற்ற வராது. முன்பு வேலை செய்தவர் அதன் ஓரத்தோடு தகட்டை வெட்டி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பின்சக்கரத்தின் லீஃப் ஸ்பிரிங் பிடிபட்டிருக்கும் இடம் அதற்குப் பக்கத்தில்தான். பலம் தேவைப்படுகிற இடத்துக்கே புதுத் தகடு போய்ச் சேரவில்லை. ஆசிரியர் மட்கார்டின் கீழ்ப்பகுதியை ஒரு சாண் அளவுக்கு அறுத்து எடுத்துவிட்டு, வாசற்படி எங்கே முடிகிறதோ அதுவரை போனார். நல்ல இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை அறுப்பது, அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட அறுக்காமல் இருப்பது, இந்த இரண்டும்தான் கஷ்டம். துருப்பிடித்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது, பொத்துக்கொண்டு போகும். அது ஒருவகையில் நல்லது, அந்த இடத்தில் ஏமாற்ற முடியாது.

புதுத் தகடுகளை முதலில் கிளாம்ப்பிலும் திருகாணியிலும் மட்டும் பொருத்தி, கதவை மூடிப் பார்த்து, அளந்து, மறுபடி கழற்றி, ஒட்டும் ஓரங்களில் துத்தநாகப் பெயிண்ட் பூசி, மறுபடி பொருத்தினார். கோட்டைப் பட்டையையும் நடுத்தகட்டையும் அங்கங்கே புள்ளி வைத்துப் பிடித்த சாயந்திரம் நான் அளந்தேன். பின்சந்து, மேல்பக்கம், காலையில் 5. இப்போது டிரில் பிட் உள்ளே போகவில்லை. சின்னதை எடுத்துப் பார்த்தால் மூன்றரைதான். கீழே மாற்றமில்லை. மேலே சந்து குறுகினால் கார் நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். நோட்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் வெல்டிங் மெஷினை அணைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடினார். தாங்குவதற்காக வைத்த சதுரக் குழாயில் ஒரு முனையில் வெல்டிங் விட்டுப் போயிருந்தது, தலைமுடி கனத்துக்கு விரிசல்.

வைத்த புள்ளிகள் அத்தனையையும் மறுநாள் அறுத்து எடுத்தோம். தரைக்கடியில் நீளப் பலகை வைத்து ஜாக்கியால் மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார். நான் சந்தைப் பிடித்துக்கொண்டு "இன்னும்... இன்னும்... போதும்" என்றேன். 5-க்கு வந்தது. குழாயை மறுபடி பலமாக வெல்டிங் செய்தார், இந்தத் தடவை இரண்டு குழாய். நாலு நாள் வேலை போனது. அன்றிலிருந்து நோட்டைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, காலையில் வந்ததும் "என்ன பேலன்ஸ்?" என்றுதான் கேட்பார்.

வெல்டிங்கும் தையல் மாதிரி நேராக ஓட்டிக்கொண்டு போகிற வேலையில்லை. மெல்லிய தகடு சூட்டில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, ஆற விட்டு நடுவில் ஒரு புள்ளி. தொழிற்சாலையில் மெஷின் வைத்து இரண்டு தகட்டையும் கடித்து ஒட்டிய இடங்களில், இவர் மேல்தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டை வழியாகக் கீழ்த்தகட்டோடு சேர்த்து நிரப்பினார். இப்படியே இரண்டு பக்கமும் முடிய பதினோரு வாரம். வெளியே கொடுத்துச் செய்தால் கூலி காரின் விலையைத் தாண்டிவிடும் என்று சொல்வது ஏன் என்று புரிந்தது. தகட்டின் விலை கொஞ்சம்தான், மணிக்கணக்குத்தான் விலை.

பெயிண்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதை ஒரு கடையில் அடித்துக் கொடுத்தார்கள். சிவப்பு, அவ்வளவுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு செய்தது. வாசற்படிக்குள் நீளக் குழாயை விட்டு மெழுகு கலந்த எண்ணெயை உள்ளே பீய்ச்சினார். சந்து பொந்தெல்லாம் ஊறி, அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளில் சொட்டுகிறவரை பீய்ச்சினார். பிறகு ஒரு கம்பியால் அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றும் திறந்திருக்கிறதா என்று குத்திப் பார்த்தார். தடுப்புத் தகட்டுக்குப் புது ரப்பர் போட்டார். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் விட்டால் அடுத்த பதினைந்து வருடத்தில் வேறு யாரோ இதே இடத்தை அறுப்பார்கள்.

சட்டம் கேட்காவிட்டாலும் சோதனைக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். சீட் பெல்ட், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பிடிபட்டிருக்கும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் பலத்த துரு இருந்தால் தேறாது என்பது அங்கே விதி. சோதிப்பவர் அடியில் நின்று வெகுநேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். தேறியது. திரும்பி வரும்போது கூரையைத் திறந்துவிட்டுத்தான் வந்தோம், மழைத் தூறல், எனக்குக் குல்லாய் இல்லை, ஜலதோஷம் மூன்று நாள் இருந்தது. மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி நம் வண்டிகள். நமக்குச் சாலையில் உப்பு தூவுவதில்லை, ஆனால் கடற்காற்று சும்மா வருகிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர்க்காரர்களிடம் ஜன்னல் கம்பியும் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டும் எத்தனை வருடம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். இப்போதைய கார்களில் துத்தநாகம் பூசிய தகடு நிறையப் பயன்படுத்துகிறார்கள், உடம்பையே பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள், அதனால் பழைய காலம் மாதிரி ஐந்து வருடத்தில் ஓட்டை விழாது. ஆனால் கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டை இப்போதும் அதேதான். நம் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கதவைத் திறந்து அடி ஓரத்தைப் பாருங்கள், ஓட்டை சருகுத்தூளால் அடைத்திருக்கும். ஒரு பல்குத்தும் குச்சி போதும்.

ஈர வண்டி மேல் பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் மேட்டை எடுத்துக் காயவைத்தால் மட்டும் போதாது, அதற்கடியில் கார்ப்பெட்டும் பஞ்சும் வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும், இருக்கையைக் கழற்றியாவது காயவைக்கச் சொல்லுங்கள். ஈ.சி.ஆரில் கடற்கரை மணலில் இறக்கி ஓட்டியவர்கள் வீட்டுக்கு வந்ததும் மேலே பளபளப்பாகத் துடைக்கிறார்கள், தண்ணீர் பீய்ச்ச வேண்டியது அடியில். அடியில் கறுப்புக் கோட்டிங் அடித்துத் தருகிறோம் என்று சர்வீஸில் கேட்பார்கள். புது வண்டிக்கு அடிக்கலாம். பழைய வண்டிக்கு என்றால், சுத்தம் செய்து காயவைத்து, அடியில் துரு இருக்கிறதா என்று உங்களுக்கு நேரில் காட்டிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள். துருவின் மேல் அடித்தால் ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி. வடிகால் ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள், முடிந்ததும் குனிந்து எண்ணிப் பாருங்கள்.

பின்வரிசையில் ஒரு தம்பி கை தூக்குகிறார். அந்தக் கார் இப்போது என்ன விலை போகும் என்றுதானே? நானும் கேட்டேன். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார், மனைவியும் அவரும் வெயில் வந்தால் அபிங்டன் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நோட்டுப் புத்தகம் அவரிடமே இருக்கிறது, வண்டிப் பத்திரங்களோடு வைத்திருக்கிறார்.

அறுத்தெடுத்த பழைய வாசற்படியில் ஒரு சின்னத் துண்டைக் கேட்டு வாங்கி, பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். பெயிண்ட், பட்டி, தகடு, துரு எல்லாம் வரிசையாகத் தெரியும். மேஜை மேல் வைத்திருக்கிறேன். சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். ஓரம் கூர்மையாக இருக்கும், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.